சிவப்பு பிஸ்கட் வாங்கிய பேராசிரியர்

அடுத்த ஜனாதிபதி யார் என்று முன்கூட்டிச் சொல்ல ஒஹாயோ மாநிலத்து ஆல்டன்ஃபோர்டில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தும் எல்வுட் ப்ரூயிட்டின் சூத்திரம். பெட்ரோல் விலை, வேலையில்லாதோர் கணக்கு, ஆளுங்கட்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காலம் என்று எதையெதையோ போட்டுக் கலக்கி அது ஒரு பெயரைக் கக்கும். இன்னொன்று மார்லிஸின் பேக்கரி. தேர்தல் நெருங்கினால் அவள் சிவப்புச் சர்க்கரை பூசியும் நீலச் சர்க்கரை பூசியும் பிஸ்கட் போடுவாள். அவரவர் கட்சி நிறத்தை அவரவர் வாங்கித் தின்பார்கள். எது அதிகம் விற்கிறதோ அந்தக் கட்சி ஜெயிக்கும். விற்பனையைக் கடை ஜன்னலில் எழுதி வைப்பாள்.

கடந்த இரண்டு தேர்தலிலும் சூத்திரம் மண்ணைக் கவ்வியது, பிஸ்கட் பலித்தது. தன் படிப்பையெல்லாம் மாவும் வெண்ணெயும் சேர்ந்து தோற்கடித்துவிட்டன என்று எல்வுட் வகுப்பில் தானே சொல்லிச் சிரிப்பார். மாணவர்கள் சொல்வதற்குள் சொல்லிவிட்டால் வலி குறைவு என்பது அவருடைய இன்னொரு சூத்திரம். இந்தத் தடவை உள்ளூர்த் தொலைக்காட்சி ‘பேராசிரியரா, பிஸ்கட்டா’ என்று நிகழ்ச்சியே வைத்துவிட்டது. மூன்றாவது முறையும் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது.

சூத்திரம் சிவப்பு என்றது. ஜன்னல் நீலம் என்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால் எல்வுட் நீலக்கட்சிக்காரர். சிவப்பு வேட்பாளர் தொலைக்காட்சியில் வந்தால் ஒலியை அணைத்துவிட்டு முகத்தைத் திட்டுவார். மனைவி நடீன் அவருக்கும் ஒரு படி மேல். மழை, குளிர் பாராமல் நீலக்கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு வரும் என்று சூத்திரம் சொன்னதை எல்வுட் அவளிடம் சொன்னபோது, “உன் சூத்திரம் தப்பாகணும்னு வேண்டிக்கோ,” என்றாள். வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டிக்கொள்ளவில்லை.

அக்டோபரில் ஒருநாள் காலை பேக்கரிக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சிவப்புல ரெண்டு டஜன் குடு,” என்றார்.

மார்லிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன வாத்தியாரே, வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“எனக்கில்ல. டிபார்ட்மென்ட் மீட்டிங்குக்கு.”

“உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேரு?”

“நாலு.”

“நல்லாத்தான் தின்றாங்க,” என்று பெட்டியைக் கட்டினாள்.

மறுநாளும் மீட்டிங் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

அவர் போட்ட கணக்கு சுலபமானது. ஜன்னலும் சிவப்பு என்று சொல்லிவிட்டால், ஜெயித்தால் இரண்டும் ஜெயிக்கும், தோற்றால் இரண்டும் தோற்கும். பிஸ்கட்டிடம் தோற்ற பேராசிரியர் என்ற பேச்சு எழாது. தனியாகத் தப்பு செய்ய பயந்து அடுத்தவன் எண்ணோடு ஒட்டிக்கொள்ளும் கருத்துக்கணிப்பாளர்களைக் கிழித்து அவர் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். அவர்களாவது தங்கள் எண்ணை மாற்றிக்கொண்டார்கள். இவர் அடுத்தவள் எண்ணை மாற்றினார். இந்த வித்தியாசம் அவருக்கே புரிந்தது, புரிந்த பிறகும் காரை பேக்கரிப் பக்கம்தான் திருப்பினார்.

வாங்கியதைத் தின்னவும் வழியில்லை, சர்க்கரை நோய். குப்பையில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துவிடுவான். கார் ஷெட்டில் இருந்த பெரிய ஃப்ரீசரில், மச்சான் வேட்டையாடிக் கொடுத்த மான்கறிக்கு அடியில் பெட்டிகளை அடுக்கினார்.

நவம்பர் பிறந்தபோது ஜன்னல் சிவப்புக்கு மாறியிருந்தது. தொலைக்காட்சியில், பேராசிரியரும் பிஸ்கட்டும் முதன்முறையாக ஒத்துப்போகிறார்களே என்று கேட்டார்கள். “மக்களோட மனசு மெல்ல மாறிட்டு வருது,” என்றார் எல்வுட், கொஞ்சமும் கூசாமல். மக்களின் மனசு மொத்தமும் அப்போது அவர் வீட்டு ஃப்ரீசரில் உறைந்துகொண்டிருந்தது.

நீலம் ஜெயித்தது.

நடீன் சந்தோஷத்தில் அழுதாள். எல்வுட் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். தன் கட்சி ஜெயித்ததற்குத் துக்கம் காத்த ஒரே ஆள் இந்த நாட்டில் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுபோனது.

மறுநாள் காலை பேக்கரி வழியாகப் போனபோது மார்லிஸ் ஜன்னலில் எழுதியதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா ஆரம்பிச்சது இது, இதுக்கு முன்ன ஒரு தடவகூடப் பொய்க்கல,” என்றாள். “என்ன தப்பாச்சு வாத்தியாரே? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

“சில சமயம் ஒரே ஆளே நிறைய...” என்று தொடங்கி விழுங்கிக்கொண்டார். “அப்பப்ப இப்படி நடக்கும் மார்லிஸ்.”

“நீங்க சொன்னா சரிதான்,” என்று அவள் மறுபடியும் சுரண்டினாள். அந்த நம்பிக்கைதான் அவரைச் சுட்டது.

வீட்டுக்கு வந்தால், சமையலறை மேசையில் பேக்கரிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எதிரே நடீன்.

“இது எனக்கு அக்டோபர்லயே தெரியும்,” என்றாள். “கறி எடுக்கப் போனேன். நீ அந்தப் பக்கம் போயிட்டன்னு நினைச்சேன். கார்ல உக்காந்து அழுதேன். அப்புறம் யோசிச்சேன், அவன் ஓட்டு, அவன் இஷ்டம், இத்தனை வருஷம் வாழ்ந்தாச்சு, இதையும் பொறுத்துக்கலாம்னு. அதான் கேக்கல.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னிப்பு தயாராக இருந்தது. ஆனால் அவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. ஜன்னல் கணக்கு, சூத்திரம், தொலைக்காட்சி எல்லாவற்றையும் சொன்னார். நடீன் முதலில் சிரித்தேவிட்டாள். கண்ணீர் வரச் சிரித்தாள்.

“கிறுக்கா,” என்றாள். “அப்ப ஓட்டு நம்மாளுக்குத்தானே போட்ட?”

எல்வுட் ஒரு பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “ஓட்டுச்சீட்டுல ஜனாதிபதிக்கு மட்டும் எந்தப் பேருக்கு நேராவும் வட்டத்த நிரப்பல. காலியா விட்டுட்டேன்.”

“ஏன்?”

“பேனாவ வச்சுக்கிட்டு நின்னேன் நடீன். நம்மாளு ஜெயிக்கணும்னு மனசுல தேடிப் பாத்தேன். இல்ல. என் சூத்திரம் ஜெயிக்கணும்ங்கிறதுதான் இருந்துச்சு. அதுக்காக அந்தச் சிவப்பு ஆளுக்குப் போடவும் கை வரல.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “அந்தாளுக்கே நம்பிப் போட்டிருந்தாக்கூட உன்கூட சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன்,” என்றாள் மெதுவாக. “இதுக்கு நான் என்னன்னு சண்டை போடுறது?”

வாசல் மணி அடித்தது. அவளோடு சேர்ந்து கதவு தட்டிய பெண்கள் நான்கைந்து பேர் பெரிய கேக்கோடு நின்றார்கள். நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளைத் துணியால் மூடிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“பேராசிரியர் சிவப்பு வரும்னு சொன்னாரே,” என்று ஒருத்தி கேலி செய்தாள்.

“வாய்தான் அப்படிச் சொல்லும்,” என்றாள் நடீன், அவரைப் பார்க்காமல். “ஓட்டு நம்மாளுக்குத்தான்.”

அவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து எல்வுட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்க ஓட்டுக்கும் நன்றி என்றார்கள். அவரும் ஒவ்வொருத்திக்கும் நன்றி சொன்னார்.