கிராணியாரின் முழங்கால்

மலாயாவில், செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியான யாழ்ப்பாணத்து அம்பிகைபாகன் நடந்து வந்தால், முதலில் அவருடைய நெஞ்சு வரும். ஆள் பிறகு வருவார். மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். குடித்தவனைக் கண்டுபிடிக்க அவர் செய்த ஏற்பாடு வெகு பிரசித்தம். கள்ளுக்கடைக்குப் போகும் ஓடையின் குறுக்கே ஒரு தென்னைமரம் கிடக்கும். சந்தேகத்துக்கு ஆளானவன் அதில் நடந்து காட்ட வேண்டும். விழுந்தால் சங்கத்திலிருந்து நீக்கம். பால்வெட்டு வீரப்பன் அப்படித்தான் போனான்.

அந்த வருஷம் கிராணியாருக்கு மலேரியா கண்டது. காய்ச்சல் போயிற்று, அதற்குத் தின்ற கொய்னா மாத்திரை மட்டும் காதுக்குள் குடியேறி இரைந்தது. எழுந்தால் பூமி சாய்ந்தது. சங்கக் கூட்டத்தில் கள்ளின் தீமையை விளக்கிக்கொண்டிருந்தவர், மேசையோடு சரிந்தார்.

"ஐயாவே போட்டுட்டு வந்திருக்காருடி!" என்றாள் வீரப்பன் மனைவி கருப்பாயி.

"நான் ஒருநாளும் குடிச்சதில்லை! எனக்குத் தலைச்சுத்து!"

"எம் புருசனும் அதைத்தானே சொன்னாரு? மாரியம்மன் திருநா அன்னிக்கி மரத்துல நடந்து காட்டுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டந்தானே?"

சட்டம் போட்டவர் என்ன சொல்வார்? சரியென்றார். விழுந்தால் போவது தலைவர் பதவி மட்டுமா? பிறகு எந்தத் தொழிலாளி முகத்தைப் பார்த்துப் பேசுவது?

செலண்டார் கடைத்தெருவில் சீன மருந்துக்கடை ஆ சின், விடியற்காலையில் கடைக்குப் பின்னால் காற்றில் நீந்துவதுபோல் மெதுவாகத் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி பழகுவார். மருந்து கேட்கப் போன கிராணியாரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"லுத்துட்லா, துவான்!" முழங்கால், ஐயா, முழங்கால் என்று சந்தை மலாயில் அதட்டி, கிராணியாரின் முழங்காலைத் தட்டுவார்.

அந்த முழங்கால்தான் தகராறு. துரையைத் தவிர யாருக்கும் மடங்கிப் பழகாதது அது. நெஞ்சைத் தளர்த்த வேண்டும். உடம்பின் பாரத்தைக் காலுக்கு இறக்க வேண்டும். ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகே மறுகால் எழ வேண்டும். முதல் நாள் கோழிக்கூண்டின்மேல் விழுந்தார். போகப்போக நெஞ்சு இறங்கியது. தலைச்சுற்று இருக்கத்தான் இருந்தது; கால் அதை லட்சியம் பண்ணவில்லை.

திருநாளன்று தோட்டத்துச் சனமெல்லாம் ஓடைக்கரையில் கூடியது. கிராணியார் கோட்டையும் சப்பாத்தையும் கழற்றினார். முழங்காலை மடக்கி, கைகளைப் பரப்பி, முட்டையிட இடம் தேடும் வாத்துபோல மரத்தில் ஏறினார். பாதி வழியில் பூமி சாய்ந்தது.

"அலாமாக், போச்சு!" என்றாள் கருப்பாயி.

அவர் இன்னும் கொஞ்சம் மடங்கினார். இரைச்சல் அடங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி அக்கரை சேர்ந்தார்.

அக்கரையில் கள்ளுக்கடை வாசல். தலைவர் நேரே அங்கே போய் நின்றதும் கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கிராணியாரும், பழக்கமில்லாததால் சற்றுக் கோணலாக, சிரித்தார்.

திரும்பி வந்ததும் வீரப்பனைக் கூப்பிட்டார்.

"நீ விழுந்த அண்டைக்கு உனக்கும் சுகமில்லை போல. நான் கேக்கேல்லை. சங்கத்துக்குத் திரும்பி வா."

"ஐயையோ, இல்லீங்க கிராணி! அன்னிக்கி நல்லாவே குடிச்சிருந்தேன்."

கருப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். வீரப்பன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அந்த முட்டிய மடக்குற வித்தைய எனக்கும் காட்டுங்களேன். சாயந்தரம் வீடு திரும்ப ஒத்தாசையா இருக்கும்."

மதுவிலக்குச் சங்கத் தலைவர் சற்று யோசித்தார்.

"விடியக்காலமை வா. குடிக்காமல் வா."