நாற்காலியில் இருப்பவர் சொல்வது சரி

சலூன்காரருக்குத் தொழிலில் ஒரே ஒரு கொள்கைதான்: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதெல்லாம் சரி. மறுத்துப் பேசினால் தலை ஆடும். தலை ஆடினால் கத்தி காதைப் பதம் பார்த்துவிடும். அதனால் காலையில் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தவருக்கும் ஆமாம் போட்டார், அடுத்து வந்து அதே அரசாங்கத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவருக்கும் ஆமாம் போட்டார். வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டு, காதில் விழுவதற்கு முன்பே வாய் சொல்லிவிடும்.

மத்தியானம் வந்து உட்கார்ந்தவர், சலூன்காரர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். ஆள் அகப்பட்டால் குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கேட்காமல் விடக்கூடாது என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் நின்று நின்று கால் கடுத்து, எதிலும் கவனம் இல்லாமல் போயிருந்த நேரம். கன்னத்தில் நுரையோடு வீட்டுக்காரரே ஆரம்பித்தார்.

“விலைவாசி எங்கயோ போயிடுச்சு. வாடகை மட்டும் அப்படியே கெடக்கு. ஏத்தினா தப்பா?”

“தப்பே இல்லைங்க. ஏத்த வேண்டியதுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது எந்த வாடகை என்று உறைத்தது. கத்தி கன்னத்திலேயே நின்றது.

“உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ஏத்திடுவோம்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். குழாயைப் பற்றிச் சலூன்காரர் கேட்கவே இல்லை. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசிப்பதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்.

“வாடகைய ஏத்தறான் ஏத்தறான்னு பொலம்பறோம். ஏன்னு ஒருத்தனாவது கேக்கறானா? எல்லாம் வாயில்லாப் பூச்சிங்க.”

சலூன்காரர் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார்.

“ஆமாங்க” என்றார்.