இரவல் காற்று

மனுஷிக்கு வியர்க்கும் என்பது எங்கள் முதலாளி லுத்ஃபிக்குப் பதினோரு வருஷமாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் கஸர் ஹெலாலில், ஜூலை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பெண்கள் கால்சட்டை தைக்கிறோம். கழிப்பறையைக்கூடப் பூட்டித்தான் வைத்திருப்பார்.

சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருகிறாள் என்றதும் அவருக்கு எங்கள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண மண்டபத்தில் எட்டு ஃபேன் இரவல் வாங்கி வந்து ஓடவிட்டார். கழிப்பறை திறந்தது. குளிர்ந்த தண்ணீர் வந்தது. நாளுக்கு அறுநூறு தைக்கிற நாங்கள் அவள் இருந்த இரண்டு நாளும் தொள்ளாயிரம் தைத்தோம். யாரும் விரட்டவில்லை, கை தானாக ஓடியது.

மூன்றாம் நாள் அந்த அம்மா தலைநகர் தூனிஸுக்குத் திரும்பினாள். ஃபேன்கள் யாருடைய கல்யாணத்துக்கோ போய்விட்டன. முதலாளி எங்கள் முன்னால் வந்து நின்று கத்தினார்.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க! இனிமே தினமும் தொள்ளாயிரம். முடியாதவ வீட்டுக்குப் போகலாம்."

"அப்போ ஃபேன் இருந்துச்சே, முதலாளி," என்றாள் என் பக்கத்து மெஷின் நஜாத். அவளுக்கு ஏழாவது மாதம்.

"ஃபேனா தைச்சுது? நீதானே தைச்சே?"

இந்த மூளையை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஆலை நடத்துகிறார்! அவர் விரட்ட விரட்ட எண்ணிக்கை குறைந்தது; அந்த வாரம் ஐந்நூறைத் தாண்டவில்லை. நஜாத் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். அடுத்த சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. அந்த வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, அந்த அம்மா மறுபடி வந்தாள். ஃபேன்களும் வந்தன. இந்தத் தடவை ஐந்நூறைத் தாண்டக் கூடாது, அவர் கத்தட்டும் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். முதுகில் காற்றுப் பட்டதும் கை ஓடத் துடித்தது. பிடித்து நிறுத்தினேன். புழுக்கத்தில் தைப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் எண்ணினால் ஐந்நூறு. முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்த அம்மா பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டார்.

"ஏண்டி, ஃபேன் போட்டுமா ஐந்நூறு? தண்ணி குடுத்தேன், கக்கூஸைத் திறந்துவிட்டேன், இன்னும் என்னடி வேணும் உங்களுக்கு?"

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ மத்த நாள்ல பூட்டியா இருக்கும்?"

நஜாத் எழுந்து நின்றாள்.

"பூட்டித்தான் இருக்கும், மேடம். மயக்கம் போட்டு விழுந்ததுக்கு என்னையும் நிக்கச் சொல்லிட்டார்."

"ஃபேன், தண்ணி, கக்கூஸ், இந்தப் பொண்ணு," என்று விரல் விட்டு எண்ணினாள் அந்த அம்மா. "நாலும் இங்கேயே இருக்கணும். இல்லேன்னா அடுத்த ஆர்டர் கிடையாது."

திங்கட்கிழமை புது ஃபேன்கள் மாட்டினார்கள். நஜாத் தன் மெஷினில் இருந்தாள். அன்றைக்குத் தொள்ளாயிரத்து இருபது தைத்தோம்.

முதலாளி துள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா? அன்னிக்கு நான் நாலு திட்டு திட்டினதுல எப்படி வேலை நடக்குது!"