மூன்றாம் பாகம் படித்தவர்

ஒரே நாவலை ஒரே மாதத்தில் நாலு பேர் படித்தோம். அதில் வருகிற மாசிலா என்பவனை நோரா அயோக்கியன் என்றாள். நான் பாவம் என்றேன். காஸ்பர் சார் தங்கமான மனிதன் என்றார். நூர் முஹம்மது பாய் மட்டும் எதுவும் சொல்லாமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். இதில் யார் சொன்னதும் பொய்யில்லை. ஆளுக்கு ஒரு துண்டுதானே படித்திருந்தோம்!

நாங்கள் நாலு பேரும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கப் போய்ப் பழக்கமானவர்கள். நடந்தது கொஞ்சம், உட்கார்ந்தது அதிகம். ஞாயிறு சாயங்காலம் அவரவர் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. எப்போதோ படித்ததைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது. படிக்கப்போவதைப் பற்றி அளக்கவே கூடாது. பாய் பேய்க்கதை கொண்டுவருவார். நோரா யாராவது இமயமலை ஏறிய கதையைக் கொண்டுவருவாள். நான் ஒருமுறை சமையல் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அது புத்தகமே இல்லை என்று காஸ்பர் சார் சொல்ல, அடுக்களை வாசலைத் தாண்டாதவருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்க, அன்று பூங்காக் காவல்காரர் விசிலடித்துத்தான் எங்களைக் கிளப்பினார்.

காஸ்பர் சார் போட்ட இன்னொரு சட்டமும் உண்டு. வீட்டுக் கதை பேசக் கூடாது. அது என்னால் வந்த சட்டம். ஒரு ஞாயிறு முழுக்க என் மருமகள் சிந்து வைத்த ரசத்தைப் பற்றியே பேசிவிட்டேனாம். ரசம் அப்படி.

அந்த நாவலைப் பாய்தான் கொண்டுவந்தார். அவருக்கு லஸ் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. வழியில் பழைய புத்தகக் கடையில் கிடந்ததாம். செங்கல் கனம். அட்டை இல்லை, முன்னால் சில ஏடுகளும் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. ஆனால் கதை தொடங்கும் பக்கத்தை அவர் வாசித்துக் காட்டியதும் நாலு பேருக்கும் அது உடனே வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒருவர் முடித்து அடுத்தவருக்குத் தருவதென்றால் கடைசி ஆள் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும். எப்படியும் அதன் முதுகு பிளந்துதான் கிடந்தது. சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து நாலாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் காலண்டர் அட்டை ஒட்டிக் கொண்டுவந்தார். சீட்டுக் குலுக்கினோம். நோராவுக்கு முதல் பாகம், எனக்கு இரண்டு, சாருக்கு மூன்று, பாய்க்குக் கடைசி. மாதம் முடிந்ததும் மாற்றிக்கொள்வது.

"முடிவை முதல்ல படிச்சிட்டு வாயை மூடிக்கினு குந்தினு இருக்கணுமா? இன்னாக்கா நியாயம் இது?" என்று பாய் புலம்பினார். கேட்பார் இல்லை.

நோராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்து முடித்தபோது இவளுக்குக் கல்யாண வயது போய்விட்டது என்று உறவுக்காரர்களே முடிவு செய்துவிட்டார்கள். இப்போது தனியாக இருக்கிறாள். காஸ்பர் சார் சாந்தோமில் இருக்கிறார். மனைவி காலமாகிச் சில வருஷம் ஆயிற்று, மகன் ஆஸ்வின் கனடாவில். இந்த மனிதர் ஞாயிறுதோறும் நோரா உட்காரும் இடத்தை மட்டும் கைக்குட்டையால் துடைப்பார். நானும் பாயும் தூசியில் உட்கார வேண்டியதுதான். தி. நகரில் எங்கள் ரவிக்கைத் துணிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான். எதை வாங்க வந்துவிட்டு எதைப் பார்ப்பதுபோல நடிக்கிறார்கள் என்று எனக்கா தெரியாது?

பாகம் பிரித்த அடுத்த ஞாயிறு சார் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். வழக்கமான சண்டை தொடங்கியது. முதல் பாகத்தில் மாசிலா உப்பு வியாபாரி. கதாநாயகி தெய்வானையின் அப்பாவை ஏமாற்றி அவர்கள் வீட்டையே பிடுங்கிக்கொள்கிறான். மூன்றாம் பாகத்தில் அவன் எல்லாம் இழந்து, மனைவியையும் இழந்து, தெய்வானை நடத்தும் மெஸ்ஸில் தினமும் கடைசி இலையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். இடையில் என்னுடைய இரண்டாம் பாகத்தில் சிறைக்குப் போய் அழுகிறான். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"சிஸ்டர், ஒரு கேள்வி," என்றார் சார். "ஒருத்தர் வயசானவர். மனைவி இல்லை. அவர் மனசு விட்டுக் கேட்டா, அந்தம்மா என்ன சொல்லணும்?"

"யாரு, அந்த மாசிலாவா? செருப்பால அடிக்கணும்," என்றாள் நோரா.

பாய் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். "எந்த வயசுல கேட்டாலும் அதே பதில்தானா?" என்று சார் கேட்டார். "வயசாயிட்டா ரெண்டு அடி சேத்து அடிக்கணும் சார். அந்த வயசுல புத்தி வர வேண்டாம்?" என்றாள் அவள். சார் தன் பாகத்தைப் பையில் வைத்தார். சுண்டலைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். சாந்தோமுக்கு நடந்தே போகிற மனிதர் அவர்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் செய்தால் வேலை என்றார். நோரா கைக்குட்டை படாத பெஞ்சில் உட்கார்ந்து, "சாருக்கு என்னாச்சு வல்லி?" என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. திங்கள்கிழமை கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நேராக சாந்தோம் போனேன்.

சார் கதவைத் திறந்தார். மேஜைமேல் மூன்றாம் பாகம் கிடந்தது.

"இனிமே நான் வரலைம்மா. இதை சிஸ்டர்கிட்ட குடுத்துடுங்க."

"ஏன் சார்? சண்டை போட்டதுக்கா கோவம்?"

"இல்லம்மா. நான் கேட்டேன். அவங்க பதில் சொல்லிட்டாங்க. அப்புறம் நான் அங்க வந்து உக்காந்தா அவங்களுக்குச் சங்கடம்."

"எப்ப கேட்டீங்க?"

"அன்னிக்குத்தான். நீங்களும் இருந்தீங்களே."

எனக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. விளங்கியதும் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாயில் திருநெல்வேலி வந்துவிடும். "என்ன சார் பேசுதிய? நீங்க மூணாம் பாகம் படிச்சிருக்கிய, அவ முதல் பாகம் படிச்சிருக்கா! வீட்டைப் பிடுங்குன பயலைப் பத்திக் கேட்டா செருப்புன்னுதான சொல்லுவா? நீங்க உங்களைப் பத்திக் கேக்கியன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நேரா எப்படிக் கேக்கறது? வீட்டுக் கதை பேசக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டு..."

தலையில் அடித்துக்கொண்டேன். கணக்கில் புலியான மனிதர், கல்யாணத்தில் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு பூங்காவுக்கு வராவிட்டால் என் வீட்டுக்காரரையும் அழைத்துவந்து வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டு, மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு அடையாறுக்கு ஆட்டோ பிடித்தேன்.

நோரா வார்டு சுற்றி வந்துகொண்டிருந்தாள். "மாசம் முடியலையே, அதுக்குள்ள மாத்தலாமா?" என்றாள். "சட்டம் கிடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சிரு," என்று கையில் திணித்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லாமல் நான் சொன்னால் அது தரகு வேலை.

பெரிய காரியம் சாதித்த திருப்தியில் லஸ்ஸில் இறங்கி பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "எல்லாம் சரி, தெய்வானை கடைசியில என்ன பாய் சொல்லுதா?" என்று கேட்டேன். சொல்லக் கூடாதென்று அவர் இழுத்தார். நான் முறைத்தேன்.

"மாட்டேன்னுடுவாக்கா. கடைசி வரைக்கும் ஒத்துக்கவே மாட்டா."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. மூன்றாம் பாகத்தில் நோராவின் மனம் இளகினாலும் நாலாம் பாகம் வந்து கெடுத்துவிடுமே! "பாய், நாலாம் பாகத்தைத் தொலைச்சிருங்க," என்றேன்.

"இன்னாக்கா, புக்கைப் போய்த் தொலைக்கச் சொல்ற!"

"ஒரு வாரத்துக்குத் தொலைங்க. அப்புறமாத் தேடி எடுத்துக்கலாம்."

அரை மனசாகத் தலையாட்டினார். சனிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மோசம் போச்சு. சிஸ்டர் கடைக்கு வந்து நாலாம் பாகத்தை வாங்கிக்கினு போயிட்டாங்க. மூணு முடிச்சிட்டேன், இருப்புக் கொள்ளலை, குடுங்கன்னாங்க. தொலைஞ்சிடுச்சின்னேன். மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாங்க. என் சுகரை செக் பண்றதே அவங்கதான், அவங்கள்ட்ட நான் இன்னா மறைக்கறது?"

ஞாயிறு வந்தது. சார் என் மிரட்டலுக்குப் பயந்து வந்திருந்தார். பெஞ்சைத் துடைக்கலாமா கூடாதா என்று கைக்குட்டையைக் கையில் வைத்துத் தவித்தார். பாய் என்னைப் பார்க்காமல் அசோக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோரா இரண்டு காலண்டர் அட்டைப் பாகங்களோடு வந்து தூசியிலேயே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஒரு பாகம் படிச்சுட்டுத் தீர்ப்பு சொன்னது தப்பு. மாசிலாவைச் செருப்பால அடிக்க வேண்டாம்," என்றாள்.

சார் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆனா தெய்வானை மாட்டேன்னு சொன்னது ரொம்பச் சரி."

வந்த வெளிச்சம் போய்விட்டது. "சரிங்க சிஸ்டர். நான் கிளம்பறேன்," என்று அவர் எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாம் பாகத்தைப் பிடுங்கிக் குளத்தில் வீசலாம் போலிருந்தது.

"நான் இன்னும் முடிக்கலை, உக்காருங்க," என்றாள் நோரா. வார்டில் ஊசிக்குப் பயந்து எழுந்து ஓடுகிற நோயாளிகளிடம் பேசுகிற குரல் அது. சார் உட்கார்ந்தார்.

"வருஷக்கணக்கா அவ மெஸ்ல சாப்பிடறான். ஒரு நாளாவது குழம்பு நல்லாருக்குன்னு வாய் திறந்தானா? கல்யாணத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிக் கேக்கறான். அவளை நேராக் கேக்க என்ன கேடு? நேராக் கேக்காதவனுக்கு அவ ஏன் சரின்னு சொல்லணும்?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்களே சார். அது தெய்வானையையா, இல்ல வேற யாரையாவதா? மூணாம் பாகம் படிக்கறப்பதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. வல்லி வேற வேகாத வெயில்ல அதைத் தூக்கிட்டு ஓடி வந்தா."

சார் என்னைப் பார்த்தார். நானும் பாயோடு சேர்ந்து அசோக மரத்தைப் பார்த்தேன்.

"வீட்டுக் கதை பேசக் கூடாதுன்னு..."

"போட்டவரு நீங்கதானே? எடுத்துடுங்க சார்," என்றார் பாய்.

காஸ்பர் சார் எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பில் நிற்பதுபோல விறைப்பாக நின்றார். "நோரா," என்றார். சிஸ்டர் போடாமல் அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

நடைபாதையில் போன இரண்டு பேர் நடையைத் தளர்த்தினார்கள். நோரா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மனிதருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"இல்ல, தெய்வானையே மாட்டேன்னு சொல்லிட்டா..." என்றார். அவர் வாயில் ஒன்று போடலாமா என்று வந்தது எனக்கு.

"அவ மெஸ் நடத்தினா சார். ரெண்டு வேளையும் ஊரே அவ வீட்ல சாப்பிட்டுச்சு. நான் டிஃபன் பாக்ஸைத் திறந்தா எதிர்ல ஒரு ஆள் கிடையாது," என்றாள் நோரா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தாள். "சரின்னுதான் சொல்றேன். உக்காருங்க."