பன்னிரண்டு மணியின் நிழல்

…ஆறு சென்டிமீட்டர், எங்கிருந்து வந்தது இது, மணி சரியாகப் பன்னிரண்டு, பலகையில் நிறுத்திய ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு விட்டு நாலு பக்கமும் பார்த்தாயிற்று, நேராகத்தான் நிற்கிறது, உத்திரமேரூருக்கு இன்றைக்கு நிழலில்லா நாள், சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே காணாமல் போக வேண்டும், ஆனால் மேற்கே கட்டைவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு கிடக்கிறதே… பள்ளி மைதானத்தில் இருபத்தாறு ஆசிரியர்கள் சுற்றி நிற்கிறார்கள், ஜாஹிராவுக்குக் கருத்தாளராக இது முதல் பயிற்சி, அறிவியலை வெயிலில் நின்று கற்கலாம் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கியது, சொதப்பினால் நாளையிலிருந்து மறுபடி அறைக்குள் திரையில் படம் காட்டுவதுதான் என்று சொல்லித்தான் அனுமதித்தார்கள். “இன்னா மேடம், சூரியனுக்கு ஆர்டர் போவலையா, லேட்டா வந்துக்கினு கீது?” ஜெகன் சார்தான், சிரிப்பு சுற்றி வந்தது. ஆண்டாளம்மாள் டீச்சர் குடையோடு கிட்டே வந்து, “குச்சிய லேசா கெழக்கால சாச்சுடு கண்ணு, போட்டோ எடுத்துக்கினு சாப்புடப் போலாம்” என்றார், கேலியில்லை, பாசம்தான்… சாய்க்கலாம், மூன்று நான்கு டிகிரி, யார் கண்ணுக்கும் தெரியாது, கை குச்சியின் மேலேயே போய்விட்டது.

நிழலின் நீளத்தை மணிவாரியாக எழுதக் கொடுத்த படிவம், ஜெகன் சாருடையது, கண்ணில் பட்டது. பன்னிரண்டு மணிக் கட்டத்தில் சுழி, பேனாவில், மை காய்ந்தே போயிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடமும் சுழி, அதற்கடுத்தவரிடமும்… வெளியே வருவதற்கு முன்பே நிரப்பிவிட்டார்கள், படிவம் என்று ஒன்று கையில் வந்தால் விடையை முதலில் எழுதிவிட்டுத்தானே மற்றது, அவர்களைச் சொல்வானேன், போன வருடம் ஜூலையில் இதே ஊரில் எட்டாம் வகுப்பில் நான் செய்தது என்ன, மிகக் குட்டை நிழல் 12.17-க்கு என்று நிஷா எழுதியதைச் சிவப்பு மையால் அடித்து 12.00 என்று போட்டேனே. அவள் அம்மா பாக்கியமேரி நாற்று நடவிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றாள். “வெயில்லயே நின்னுக்கினு அளந்துச்சு மிஸ், பொய் எழுதாது.” நான் சொன்னேன், சூரியன் தப்புப் பண்ணாதும்மா, பிள்ளைங்கதான் பண்ணும். எவ்வளவு எளிதாக வந்தது அந்த வாக்கியம்… அதற்கப்புறம் எந்தச் சோதனையிலும் பக்கத்து நோட்டைப் பார்த்த பிறகுதான் நிஷா எண் எழுதினாள், பார்த்தும் ஏன் கேட்கவில்லை நான்?

ஜாஹிரா கையை எடுத்தாள். பன்னிரண்டு ஐந்து, நாலு சென்டிமீட்டர். பன்னிரண்டு பத்து, இரண்டு. குறைந்துகொண்டே வருகிறது, அப்படியானால் உச்சி இன்னும் வரவில்லை, அப்படியானால் இந்தப் பன்னிரண்டு எந்த ஊர்ப் பன்னிரண்டு… எந்த ஊர்? சமூக அறிவியலில் பிள்ளைகள் ஒப்பிப்பார்களே, இந்திய நேரம் மிர்சாபூர் வழியே போகும் எண்பத்திரண்டரை டிகிரிக் கோட்டுக்கு உரியது, நாம் எழுபத்தொன்பதே முக்காலில், இரண்டே முக்கால் டிகிரி மேற்கே, டிகிரிக்கு நாலு நிமிடம், பதினொன்று. பூமி ஓடுவது வருடம் முழுக்க ஒரே சீராக இல்லாததால் இன்னும் சில நிமிடம், அது கையிலிருக்கும் பயிற்சிக் கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில் மாதவாரியாக இருக்கிறது, அவளே இதுவரை திருப்பாத பக்கம், திருப்பினாள், ஆகஸ்டுக்கு நாலு.

“சுழிய அடிச்சிடுங்க எல்லாரும்” என்றாள். “குச்சி நேராத்தான் கீது. பதினொண்ணும் நாலும் பதினஞ்சு. பன்னெண்டு பதினஞ்சுக்கு அளங்க, அளந்தப்புறம் எழுதுங்க.” ஜெகன் சார் குனிந்து உட்கார்ந்தார், ஆண்டாளம்மாள் குடையைத் தள்ளிப் பிடித்தார், பன்னிரண்டு பதினைந்து, குச்சியடியில் நிழல் இல்லை. அவள் விரல் அட்டவணையில் ஒரு வரி மேலே ஏறி நின்றது. ஜூலைக்கு ஆறு நிமிடம். பதினொன்றும் ஆறும் பதினேழு, நிஷாவின் பதினேழு.