கப்பலில் வீடு பார்த்தது

தேவநாதன் லேசுப்பட்ட ஆளில்லை. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு விடமாட்டார். நடக்கவிட்டுப் பார்ப்பார், படுக்கவிட்டுப் பார்ப்பார், படுத்ததை எழுப்பியும் பார்ப்பார். விற்கிறவனுக்கு ஆளை விட்டால் போதும் என்று ஆகிவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் பெரிய மகள் செந்தாமரைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது எதைத்தான் பார்க்காமல் விட்டார்? மெத்தை வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்தார். போர்க் குழாய்த் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தார். கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி உதறி, வேரில் கடலைக் காய்ப்பு எப்படி என்று பார்த்தார். "ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா, கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்" என்றான் மாப்பிள்ளை. இவரும் மனம் குளிர்ந்து, அந்த வீட்டிலேயே இலையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் செந்தாமரை இப்போது ஒலக்கூர்ப் பக்கம் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். பிரசவ வலி எடுத்த ராத்திரி, கண்ணில் வைத்துப் பார்ப்பேன் என்றவன் எங்கே குடித்துவிட்டுக் கிடந்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தனியாக ஆட்டோ தேடி ஓடினாள். பிள்ளை தங்கவில்லை. அவளும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தேவநாதன் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஆனால் சின்னவள் கலைப்பிரியாவுக்கு வரன் வரத் தொடங்கியதிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

இதில் வந்து வாய்த்த வரனைப் பாருங்கள், கப்பலில் வேலை! பையன் பெயர் ரஞ்சித். சுற்றுலாக்காரர்கள் ஏறி ஊர் ஊராகப் போகிற உல்லாசக் கப்பலில், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை. வருஷத்தில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் தண்ணீர் மேல். ஜாதகம் பொருந்தியிருந்தது. திண்டிவனத்தில் டீச்சர் வேலை பார்க்கிற கலைப்பிரியா அவனோடு போனில் பேசிப் பார்த்துவிட்டு, "எனக்கு இவருதாம்மா" என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டாள். அம்மா அஞ்சம்மாளுக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது தேவநாதன் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மாளை அழைத்துக்கொண்டு, தங்கை மகன் அரிபிரசாத்தின் காரில் விழுப்புரத்துக்கு வீடு பார்க்கப் புறப்பட்டார். வீடு பார்க்கப் போன இடத்தில் காபி வரைக்கும் பாதகமில்லை. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பிடிக்கவில்லையென்றால் சோறு எவ்வளவு மணத்தாலும் "வயிறு சரியில்லீங்க" என்று எழுந்து வந்துவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த கணக்கு இது.

ரஞ்சித்தின் அப்பா கோதண்டபாணி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பவுனு விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. வடையும் பாயசமும் வாசல் வரை மணந்தன. கோதண்டபாணி வந்தவர்களைப் பார்த்ததும் "வாங்க சம்பந்தி" என்றார். தேவநாதன் ஜாக்கிரதையாக, "வர்றேங்க கண்டக்டரே" என்றார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடி ஏறினார், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். குறையொன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வூடு நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த வூட்டுல உங்க பையன் எத்தினி நாளு இருக்கப் போறாரு? அவரு குடியிருக்கற வூடு கப்பலு. அதப் பாக்காம, வூடு பாத்துட்டேன்னு ஊர்ல போயி எப்படிங்க சொல்றது?"

கோதண்டபாணி சிரித்துப் பார்த்தார். தேவநாதன் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் மகனுக்கு வீடியோ கால் போட்டார். அந்த நேரம் கப்பல் ஐரோப்பாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் நின்றிருந்தது. பயணிகள் ஊர் சுற்ற இறங்கியிருந்தார்கள். போனை எடுத்தவன் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் திகைத்தான். "மேலதிகாரியக் கேட்டுக்கினு வர்றேங்க மாமா" என்று வைத்துவிட்டுச் சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான். போனைச் செம்பில் சாய்த்து வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒலக்கூர்க்காரர் கப்பலை வீடு பார்க்கத் தொடங்கினார்.

"மொதல்ல சமையக்கட்டக் காட்டுங்க தம்பி."

ரஞ்சித் காட்டினான். கல்யாண மண்டபம் ரெண்டைச் சேர்த்துப் போட்ட மாதிரி ஒரு சமையல்கூடம். எல்லாம் எவர்சில்வர்.

"நெருப்பையே காணமே?" என்றாள் அஞ்சம்மாள்.

"நெருப்பே கெடையாதுங்க அத்த. எல்லாம் கரண்ட் அடுப்பு. கப்பல்ல தண்ணியவிட நெருப்புக்குத்தான் பயப்படுவாங்க. ரூம்ல ஒரு மெழுகுவத்திகூட கொளுத்தக் கூடாது. நான் சாமி படத்துக்கு பேட்டரி வெளக்குதான் வச்சிருக்கறேன்."

பவுனு சங்கடத்தோடு முந்தானையை இழுத்துக்கொண்டாள். "சூடம்கூட ஏத்த முடியலன்னு என் புள்ள மொதல்ல ரொம்ப வருத்தப்பட்டான்" என்றாள்.

தேவநாதன் விடுகிற ஆளா? போனில் எப்போதோ பார்த்த வீடியோ அவர் மண்டையில் குடைந்துகொண்டிருந்தது. கரையோரமாகவே ஒரு பெரிய கப்பல் மாடு படுத்த மாதிரி சாய்ந்து கிடந்த வீடியோ.

"ஒரு கப்பலு கரையோரம் சாஞ்சு கெடந்துச்சே, அது மாதிரி ஆனா என்னா பண்ணுவீங்க?"

"அந்த மாதிரி ஆனதுக்கு அப்புறந்தாங்க சட்டத்தையே மாத்தினாங்க. முன்னல்லாம் ஜனங்க ஏறினதுக்கு அப்புறம், கப்பல் கௌம்பி மறுநாளுகூட தப்பிக்கற பயிற்சிய வைக்கலாம். இப்ப அந்தப் பேச்சே இல்ல, மொதல்ல பயிற்சி, அப்புறந்தான் பயணம். ஏறினவுடனே போன்லயே வீடியோ பாக்கணும். பாத்துட்டு, அவங்கவங்களுக்குன்னு ஒதுக்கின எடத்துக்கு நேரா வந்து அட்டையக் காட்டிட்டுப் போவணும். வராதவங்க ரூம் கதவத் தட்டி நாங்களே கூட்டிக்கினு வருவோம்."

பேசிக்கொண்டே நடந்தான். நீளமான ஒரு நடைவழியில் நின்று தரையோரம் ஓடிய கோட்டைக் காட்டினான். கரண்ட் போனாலும் அது வெளிச்சம் கொடுக்குமாம். புகை மேலே நிற்கும், ஜனம் தவழ்ந்தாவது அந்தக் கோட்டைப் பிடித்து வெளியே வந்துவிடலாம். தீப்பிடித்தால் பெரிய பெரிய கதவுகள் தாமாக மூடி, கப்பலைப் பெட்டி பெட்டியாகத் தடுத்துவிடும். கூரையிலிருந்து பனி மாதிரி தண்ணீர் இறங்கும்.

"இன்ஜின் வெந்து போச்சுன்னா?" என்று அரிபிரசாத் குறுக்கே கேட்டான். கார் ஓட்டுகிறவன் கவலை அவனுக்கு.

"புதுக் கப்பல்ல இன்ஜின் ரூமே ரெண்டா பிரிச்சுக் கட்டறாங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ண வச்சுக் கரைக்கு வந்துடணும், அதுவரைக்கும் ஜனத்துக்கு சோறு தண்ணி கக்கூசு எல்லாம் ஓடணும். அதான் இப்ப சட்டம். கப்பலவிட ஒஸ்தியான படகு கெடையாதுன்னு சொல்லுவாங்க. அப்படியும் முடியலன்னாதான் படகு."

வெளியே வந்து படகுகளைக் காட்டினான். கூரை போட்ட ஆரஞ்சுப் படகுகள், ஒவ்வொன்றும் பஸ்ஸைவிடப் பெரியது, வரிசையாகத் தொங்கின. கோதண்டபாணி பெருமையோடு, "எத்தினி பேரு ஏறினாலும் ஸ்டாண்டிங் கெடையாது, எல்லாருக்கும் சீட்டு" என்றார். பரவாயில்லையே என்று தேவநாதனுக்கே பட்டது. அதைக் கண்டுகொண்ட பவுனு ஓசைப்படாமல் எழுந்துபோய் இலைகளை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"கட்டினவங்கள எங்க கூடவே கொஞ்ச நாளு கூட்டிக்கினு வரலாம் மாமா, எடம் இருந்தா கம்பெனியில விடுவாங்க" என்றான் ரஞ்சித்.

தேவநாதன் முன்னால் சாய்ந்தார். இதற்காகத்தான் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"அப்படி என் பொண்ணு அங்க இருக்கறப்ப ஒரு ஆபத்துன்னா, நீங்க உடனே போயி அவளக் கூட்டிக்கினு படகுல ஏறிடுவீங்க இல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து இலைக்குப் போயிருப்பார்கள். பாயசம் ஆறுவதற்குள் கல்யாண மாதம் முடிவாகியிருக்கும்.

ரஞ்சித் யோசித்தான். "இல்லீங்க மாமா" என்றான்.

"என்னாது?"

"மணி அடிச்சா என் எடம் அஞ்சாவது மாடிப்படி. அங்க நின்னு வர்ற ஜனத்த அனுப்பணும். அவங்கல்லாம் போன பின்னாலதான் நான் நகரலாம். கலை அவங்க எடத்துக்குப் போவாங்க. அங்க நிக்கறவங்க அவங்கள ஏத்தி விடுவாங்க. நான் என் எடத்த வுட்டுட்டுப் பொண்டாட்டியத் தேடி ஓடினா, அந்தப் படியில வர்றவங்க கதி என்னாவறது?"

கோதண்டபாணி பதறிப்போய், "டேய், சும்மா பேச்சுக்குக் கேக்கறாருடா! ஓடுவேன்னு சொல்லேன்டா!" என்றார். மகன் சொல்லவில்லை.

தேவநாதன் எழுந்துவிட்டார். முகம் கறுத்துப் போயிருந்தது. "வயிறு சரியில்லீங்க" என்றார். பவுனு அடுப்படி வாசலில் கரண்டியும் கையுமாக நின்றது நின்றபடி அழத் தொடங்கினாள். அஞ்சம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காரில் தேவநாதன் வெடித்தார். "எவனோ ஒருத்தன் பொண்டாட்டிய இவன் ஏத்தி விடுவானாம், என் பொண்ண நட்டாத்துல வுட்டுடுவானாம்! அதயும் என் மூஞ்சிக்கு நேரா சொல்றான் பாரு, என்னா நெஞ்சழுத்தம்! ஒருத்திய நட்டாத்துல வுட்டது போதாதா எனக்கு?" அஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சமாதானம் சொன்னால் பேஜாராகும் என்று அரிபிரசாத்துக்கும் தெரியும். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் காரை ஓரம் கட்டினான்.

டீ வருவதற்குள் கலைப்பிரியாவே கூப்பிட்டுவிட்டாள். தேவநாதன் போனில் கத்தினார், சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"அதத்தாம்பா நானும் அவருகிட்ட மொதல்ல கேட்டேன்" என்றாள்.

"என்னா சொன்னான்?"

"உங்ககிட்ட சொன்னதத்தான்."

"அதுக்கு அப்புறமுமா இவன வேணுங்கற?"

"அதுக்கு அப்புறந்தாம்பா." அவளே மேலும் சொன்னாள். "அக்காவுக்கு அன்னிக்கு ராத்திரி ஆட்டோ புடிச்சுக் குடுத்து ஆஸ்பத்திரியில கூடவே நின்னது யாருப்பா? அந்தத் தெருவுல பூ விக்கற அம்மா. நம்ம ஆளா அது?"

தேவநாதன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். டீ வந்தது. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பூக்கார அம்மாவின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. செந்தாமரையை அழைத்துவரப் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டி வந்துவிட்டார். நினைத்ததும் அவருக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். டீ ஏடு கட்டிப் போயிற்று.

"டேய் அரி, அந்தப் பையனுக்குப் போன் போடு."

ரஞ்சித் முதல் மணியிலேயே எடுத்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் மாதிரி, "மாமா..." என்று ஆரம்பித்தான். தேவநாதன் விடவில்லை.

"என் பொண்ணு போற எடத்துல ஒருத்தரு நிப்பாங்கன்னு சொன்னீங்களே, அது யாரு?"

"அங்கயா? ஜோசலின்னு ஒருத்தங்க. பிலிப்பைன்ஸ்காரங்க. ரூம் சுத்தம் பண்ற வேல. ஊர்ல ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"எப்படிப்பட்ட பொண்ணு?"

கேட்ட கேள்வி விளங்குவதற்கு அவனுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"போன வருசம் ஒரு நாள் நெஜமாவே மணி அடிச்சிச்சுங்க. துணி தோய்க்கற எடத்துல பொக. ஒண்ணும் ஆவல, சீக்கிரம் அணைச்சிட்டாங்க. ஆனா அணையுமா அணையாதான்னு அப்ப யாருக்குத் தெரியும்? சக்கர நாற்காலியில ஒரு வயசானவரு பயந்துக்கினு அழுதாரு. அவங்க அவரு கையப் புடிச்சவங்க, எல்லாம் சரியாச்சுன்னு சொல்ற வரைக்கும் வுடலீங்க."

தேவநாதன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அஞ்சம்மாள் காரிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"கல்யாணத்துக்கு அந்தம்மாவக் கூட்டிக்கினு வாங்க மாப்ள" என்றார். "என் பொண்ண நான் அவங்க கையிலதான் புடிச்சுக் குடுக்கணும் போல இருக்குது. ஆள நேர்ல பாக்கணும்."

போனைக் கொடுத்துவிட்டு அரிபிரசாத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"என்னாடா நிக்கற? ஜல்தி வண்டியத் திருப்பு. சம்பந்தியம்மா இலைய எடுத்துடப் போறாங்க."