அடிப்பக்கத்து மஞ்சள்

தோஹாவில் நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அக்காவின் வீடியோ கால் வந்தது. எங்கள் ஊர் உறுவையாற்றில் அப்போது மணி இரண்டரை. ஜெயசுதா அக்கா அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

“அரி, பலகை வழுக்குதுடா. ஒரே எழுத்து ரெண்டு ரெண்டா வுழுவுது.”

ஊரில் இருந்தபோது ஆசைக்காக நான் வாங்கிய பழைய செதுக்கு மிஷின் அது. பலகையை ஒரு பக்கம் விட்டால், கீழே இருக்கும் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் அதைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும். மேலே சுழலும் பிட் என்கிற வெட்டுமுனை எழுத்தைச் செதுக்கும். பிடி நழுவினால் மிஷினுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகும். நான் இங்கே வந்த பிறகு அக்கா அதில் வீட்டுப் பெயர்ப்பலகைகள் செய்து கொடுக்கிறாள்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“பெல்ட்ட தொடச்சியா?”

“தின்னர் போட்டு தொடச்சிட்டேன்.”

“மரத்தூள்?”

“ஊதி ஊதி எனக்கே நெஞ்சு வலிக்குது.”

“மேல கைப்பிடிய நல்லா இறுக்கினியா?”

“ரெண்டு கையாலயும் தொங்கிட்டேன். உன் மாமாவ மேல ஏத்தி ஒக்கார வெக்கலையே தவிர.”

பலகையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். மூலைக்கு மூலை குங்குமம். வெளிச்சத்தில் எண்ணெய் மினுமினுத்தது.

“இன்னாக்கா இது?”

பலகை செய்யக் கொடுத்தது பூரணாங்குப்பத்துத் தையலம்மாள். புது வீடு கட்ட வாசலில் இருந்த வேப்பமரத்தை வெட்டியிருக்கிறார். மரத்தின் கோபம் வீட்டார் மேல் விழக் கூடாதென்று அதே மரத்தில் பெயர்ப்பலகை. அறுத்த பலகைக்கு நல்லெண்ணெயும் மஞ்சளும் பூசிக் கும்பிட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாள் விடியலில் கிரகப்பிரவேசம். செதுக்கும் பக்கத்தை மட்டும் அக்கா துடைத்திருக்கிறாள்.

“எண்ணெயிலதான் வழுக்குது. அடியிலயும் தொடச்சிடு, முடிஞ்சிது.”

“நல்ல காரியத்துக்கு வெச்ச மஞ்சள நான் எடுக்க மாட்டேன். நாளைக்கி அவங்க வூட்டுல ஒண்ணுன்னா?”

“யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல.”

அடியில் வெறும் பலகை ஒன்றை வைத்து ஸ்க்ரூ போட்டால் பெல்ட் அதைப் பிடிக்கும், மஞ்சளும் அப்படியே இருக்கும் என்றேன். செய்து பார்த்தாள். இரண்டும் சேர்ந்த தடிமன் மிஷினுக்குள் நுழையவில்லை. அந்த மரத்தில் வந்தது இரண்டே பலகை. ஒன்று ஏற்கெனவே பாழாகியிருந்தது.

“நான் பாத்துக்கறேன்” என்று போனை ஸ்டூலில் சாய்த்து வைத்தாள்.

மிஷின் ஓடத் தொடங்கியது. திரையில் அவள் வலது கை மட்டும் தெரிந்தது. பலகையை உள்ளங்கையால் அழுத்தி, அது போகும் பக்கமெல்லாம் தள்ளிக்கொண்டு போனது. பலகை திரும்பும் ஒவ்வொரு முறையும் விரல்கள் பிட்டை ஒட்டிப் போய் வந்தன.

“மூடி தெறந்திருக்குதே, எப்படி ஓடுது?”

“நீ ஒட்டிட்டுப் போன காந்தம்தான்.”

மூடியைத் திறந்தால் நின்றுவிட வேண்டிய மிஷின். செதுக்குவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று மூடியின் சுவிட்சில் காந்தத்தை ஒட்டி ஏமாற்றியது நான். அதை அவளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டதும், பிறகு மறந்துபோனதும் நான்.

“க்கா, கைய எடு.”

“எடுத்தா வழுக்கும்.”

“எடுன்னு சொல்றேன்ல.”

“சும்மா இருடா. நீ கத்துனா கவனம் தப்புது.”

பலகையின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து அவள் கையெல்லாம் இப்போது எண்ணெயும் மஞ்சளும். ஒரு முறை அது பலகையை விட்டு வழுக்கி முன்னால் போனது. சட்டென்று இழுத்து, நைட்டியில் துடைத்து, மறுபடி வைத்தாள்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு அவள் வீட்டுக்காரர் ராஜ்மோகன் மாமாவைக் கூப்பிட்டேன். மிஷின் இருக்கும் கொட்டகைக்குப் பின்னால் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இன்னா மாப்ள, சாப்டாச்சா?”

“மாமா, கொட்டாய்க்குப் போயி மெயின ஆஃப் பண்ணுங்க.”

“உங்க அக்கா என்னய வெட்டிடுவா.”

“அவ கை பிட்டுல மாட்டிக்கும் மாமா. பேர் சொல்லிக் கூப்புடாதீங்க, திரும்புவா. நேரா மெயினுக்குப் போங்க.”

சேற்றில் கால் பதியும் சத்தம், பிறகு ஓட்டம். மிஷின் இரைச்சல் நெருங்கி நெருங்கி வந்தது. நடுவில் பலகை நழுவும்போது கேட்கும் கரகரப்பு. பிறகு எதுவுமே இல்லை.

“மாமா. மாமா.”

“ஆஃப் பண்ணிட்டேன்.” மூச்சு வாங்கினார்.

“கைய பாருங்க.”

“இருக்குது. ஆள்காட்டி வெரல்ல நகத்தோட சீவியிருக்கு. ரத்தம் கொட்டுது. இவ அத பாக்காம பலகைய பாத்துனு இருக்கா.”

அக்கா போனை வாங்கினாள். “அந்தம்மா பேரு மேலயே கோடு இழுத்துட்டுதுடா. அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?”

“நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் சொல்றேன், நம்பர் குடு.”

தையலம்மாள் எடுத்தபோது பின்னால் பந்தல் போடும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன், காந்தத்தையும் மறைக்கவில்லை. அவர் திட்டுவாரென்று காத்திருந்தேன்.

“ரத்தம் பலகையில பட்டுச்சா தம்பி?”

“பட்டிருக்கும்மா.”



“அப்ப அத எங்க வூட்டுப் பக்கம் எடுத்துனு வராதீங்க. உங்க வூட்டுலயே இருக்கட்டும்.”

அன்று சாயங்காலமே மாமா காந்தத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டார். தையலம்மாள் பலகை வேண்டாமென்று சொன்னதாக மட்டும் அக்காவிடம் சொன்னேன், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றதைச் சொல்லவில்லை. அது இன்னும் எங்கள் கொட்டகையில்தான் இருக்கிறது.